1968 சிஜே3பி பெட்ரோல் ஜீப்: போடிமெட்டு வரை ஓட்டிப் பார்த்தேன், வாங்கலாமா?

#1 மேட்டுப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகத் தேடிய வண்டி கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கமே விலைக்கு வந்திருக்கிறது. மகிந்திரா சிஜே3பி, 1968 பதிவு, பெட்ரோல், இடது கை ஸ்டேரிங். ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை ஒருவர் வாங்கி, சேஸ் வரைக்கும் அவிழ்த்து, ஒன்றரை வருடம் உட்கார்ந்து பூட்டியிருக்கிறார். நேற்று போடியிலிருந்து போடிமெட்டு வரை ஏற்றி இறக்கினேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலையை இங்கே போட வேண்டாம் என்று விற்பவர் கேட்டுக்கொண்டார், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஏன் இந்த வண்டி என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா இருபத்திரண்டு வருடம் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஜீப் டிரைவர். இதே மாடல்தான் ஓட்டினார். விடியுமுன் போடியில் ஆள் ஏற்றினால், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அதனால் எனக்கு டீசல் மாற்றிய ஜீப்போ, அகல டயர் போட்டுத் தூக்கிய ஜீப்போ வேண்டாம். அப்பா ஓட்டியது எப்படி இருந்ததோ அப்படி ஒன்று வேண்டும்.

நான் போனபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "சூடாக்கி வைத்திருக்கிறேன், ஏறுங்கள்" என்றார். கிளட்ச் கொஞ்சம் கனம், ஆனால் சீராகப் பிடிக்கிறது. மூன்றே கியர். முதல் கியர் வண்டி நின்றால்தான் விழும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அது நினைவில் இருந்தும் ஒரு வேகத்தடையில் உருண்டுகொண்டே முதலுக்கு இறக்கப் பார்த்தேன், பல் கடித்தது.

முந்தல் வரை ரோடு சமதளம். 45 வரை நன்றாக வந்தது. 55ஐத் தொட்ட இடத்தில் முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்தது. அவ்வளவுதான், ஸ்டேரிங் இரண்டு கையையும் பிடித்து உதறியது. 30க்குக் குறைக்கும் வரை நிற்கவே இல்லை. அப்புறம் மலை ஏறி முடிக்கும் வரை 40ஐத் தாண்டவில்லை.

ஏற்றத்தில் வண்டி அருமை. பதினேழு கொண்டை ஊசியில் பெரும்பாலானவற்றை இரண்டாம் கியரிலேயே எடுத்தது. ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 40, ஐடிலில் 12. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே டீ குடிக்க இருபது நிமிடம் நிறுத்தினேன். திரும்ப வந்து சாவி போட்டால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் பிடித்தது.

அங்கே விற்பவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தின் மண் பாதையில் அரை கிலோமீட்டர் விட்டார்கள். ஃபோர் வீல் போட்டு, லோவும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டேன். முதல் நாள் மழையில் ஊறிய செம்மண், நடுவில் உருண்டைக் கல். ஏலச்செடி இலைகள் இரண்டு பக்கமும் பாடியை உரசிக்கொண்டு வந்தன. கிளட்சை விட்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி தானாக, ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து ஏறுவது மாதிரி ஏறியது. என் காலுக்கு வேலையே இல்லை. சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்படியே திரும்பி வந்தது.

ரோட்டுக்கு வந்து ஒரு நூறு மீட்டர் போய், வண்டியைத் திருப்பி, ஃபோர் வீல் லிவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. இழுத்தேன், தள்ளினேன், அசையவில்லை. விற்பவர் ஏறி என்னவோ செய்து எடுத்துக் கொடுத்தார்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி இடது பக்கம் இழுத்தது. பாதி மலை இறங்கியதும் கருகல் வாடை வேறு.

சொல்லுங்கள், வாங்கலாமா? இதில் எது சாதாரணம், எது ஆபத்து?

#2 கம்பம்பட்டறை

தம்பி, முதலில் ஒன்று. சூடாக்கி வைத்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு யாரும் முடிவு எடுக்கக் கூடாது. விற்பவர் நல்லெண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த என்ஜின் தன் உண்மையைச் சொல்வது ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போதுதான். எத்தனை சுற்றில் பிடிக்கிறது, பின்னால் என்ன நிறத்தில் புகை வருகிறது, முதல் அரை நிமிடம் உள்ளே தட்டும் சத்தம் இருக்கிறதா, பிரஷர் முள் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது. இதெல்லாம் சூட்டில் மறைந்துபோகும். அடுத்த முறை போனதும் பேச்சு கொடுப்பதற்கு முன்னாலேயே பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

நீ சொன்ன பிரஷர் நல்ல பிரஷர். சூட்டில் ஐடிலில் 12 நிற்கிறது என்றால் கிராங்க் வேலை யாரோ ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

மேலே ஸ்டார்ட் ஆகாதது பெட்ரோல் கொதித்தது. ஓடும்போது காற்று பட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். நிறுத்தியதும் என்ஜின் சூடு முழுக்க பம்புக்கும் பைப்புக்கும் ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். அந்தப் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. அந்தக் காலத்தில் மேட்டில் நிற்கும் ஒவ்வொரு ஜீப்பிலும் பம்பில் ஓர் ஈரத்துணி சுற்றியிருக்கும். உன் அப்பாவைக் கேள், சொல்வார். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து இந்தத் தொல்லை கூடித்தான் இருக்கிறது. பெட்ரோல் லைன் எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு கிட்டே போகிறது என்று பார். தள்ளி அமைத்து நடுவில் ஒரு தகடு வைத்தால் பெரும்பாலும் தீரும். பம்பின் டயாஃப்ரமும் ரப்பர் பைப்பும் பழைய சரக்காக இருந்தால் எத்தனாலில் ஊறிப்போகும். இரண்டையும் புதிதாக, எத்தனால் தாங்குவதாகப் பார்த்து மாற்று. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, பெட்ரோல் கசிவை அலட்சியமாக விடும் வண்டி இல்லை இது.

பிரேக்கைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். பட்டறையில் வேலை நிற்கிறது.

#3 புதுக்கியர்

நான் ஜீப் ஓட்டியதே இல்லை, படித்துக்கொண்டு மட்டும் வருகிறேன். ஃபோர் வீல் லிவர் ஏன் மாட்டிக்கொண்டது? கோளாறா?

#4 வெல்லிங்டன்வாசி

கோளாறு இல்லை தம்பி. ராணுவத்தில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

வண்டி வளையும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கிடையாது, இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். மண்ணில் என்றால் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. அந்த வித்தியாசம் முழுக்க ஷாஃப்டுகளிலும் கியர்களிலும் முறுக்காக ஏறி, லிவரைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நண்பர் தார் ரோட்டில் நூறு மீட்டர் போய், அதோடு வண்டியையும் திருப்பியிருக்கிறார். முறுக்கு ஏறாமல் எப்படி இருக்கும்?

இழுத்துச் சண்டை போடாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோர்க் வளையும். நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும், லிவர் விரலால் தள்ளினாலே வரும். விற்பவர் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும். பழக்கம் என்னவென்றால், மண் முடிந்து தார் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, இந்த வண்டியில் ஃபோர் வீல் போடாமல் லோ விழாது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். லோவின் முழு இழுவையும் பின் ஆக்சில் ஒன்றின் மேலேயே போனால் அது தாங்காது என்பதற்காக.

#5 கோவைலேத்

ஸ்டேரிங் உதறலைப் பற்றி நான் சொல்கிறேன், என் சோறு அதில்தான்.

இதில் ஸ்டேரிங் பெட்டியிலிருந்து வரும் ராடு நேராகச் சக்கரத்துக்குப் போகாது. முன்னால் குறுக்குச் சட்டத்தில் ஒரு பெல் கிராங்க், அதாவது ஓர் ஆணியில் திரும்பும் கை, இருக்கும். முதலில் அதற்குப் போய், அங்கிருந்து இரண்டு டை ராடாக இரண்டு சக்கரத்துக்கும் பிரியும். அந்த பெல் கிராங்கின் ஆணி தேய்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். அதோடு முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் கிங் பின் (ஸ்டேரிங் வளைக்கும்போது சக்கரம் திரும்பும் ஆணி) பேரிங், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். லூசாக இருந்தால் ஒரு பள்ளம் போதும், சக்கரம் இரண்டும் நடுங்க ஆரம்பித்துவிடும். வேகம் குறைந்தால்தான் நிற்கும். நீங்கள் எழுதியது அச்சு அசல் அதுதான்.

சோதனை சுலபம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் கிங் பின். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங்.

கிங் பின் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். பேரிங் நல்ல நிலையில் இருந்தால் ஒன்றிரண்டு தகடு எடுத்தாலே இறுகிவிடும். அரை நாள் வேலை. இதைப் பார்க்காமல் ஸ்டேரிங் பெட்டியின் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். நேராக ஓடிய பாகம்தான் பெட்டிக்குள் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த நடுப்பகுதி ஆட்டம் போகும் வரை இறுக்கினால், கொண்டை ஊசியில் முழு வளைப்பு வளைக்கும்போது ஸ்டேரிங் கல்லாகிவிடும். உங்களுக்கு வளைவுகளில் இறுக்கம் தெரிந்ததா?

#6 மேட்டுப்பாதை

இல்லை அண்ணே, வளைவுகளில் நன்றாகத்தான் திரும்பியது. கனமாக இருந்தது, ஆனால் கடிக்கவில்லை.

#7 கோவைலேத்

அப்படியென்றால் பெட்டியை யாரும் கெடுக்கவில்லை. நல்ல செய்தி.

#8 ஹைரேஞ்ச்டீசல்

எல்லோரும் ஆசையைத் தூண்டிவிடுகிறீர்கள், நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். நண்பர் மாதம் இரண்டு தடவையாவது மலை ஏறப்போகிறார் என்றால் பெட்ரோல் கட்டுப்படி ஆகாது. என் அனுபவத்தில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். எங்கள் பக்கம் பழைய ஜீப்புகள் எல்லாமே எப்போதோ டீசலுக்கு மாறியாயிற்று. பெஜோ டீசல் என்ஜினோடு வந்த எம்எம்540 ஒன்றைப் பார்த்து வாங்கினால் செலவு பாதி, பாகமும் எங்கும் கிடைக்கும். அல்லது இதிலேயே டீசலை இறக்குங்கள். வண்டி என்பது ஓடுவதற்குத்தானே?

#9 வெல்லிங்டன்வாசி

எம்எம்540 வாங்கச் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, அது நல்ல வண்டி. ஆனால் இதில் டீசலை இறக்கச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் காரணம் சட்டம். பதிவுச் சான்றில் பெட்ரோல் என்று இருக்கும் வண்டியில் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பழைய காலத்தில் மாற்றி, ஆர்சியில் ஏற்றிய வண்டிகள் வேறு கதை. இன்று புதிதாகச் செய்யப் போனால் அடுத்த எஃப்சியில் (தகுதிச் சான்று சோதனையில்) நிற்க வேண்டும்.

இரண்டாவது காரணம் அந்த என்ஜினே. ஹரிக்கேன் என்று பெயர், 2,199 சிசி, நான்கு சிலிண்டர். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இருந்த என்ஜினின் அடிப்பாகம்தான் இதிலும். அதில் இரண்டு வால்வும் பக்கவாட்டில் பிளாக்குக்குள் இருந்தன. இதில் இன்டேக் வால்வை மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், எக்ஸாஸ்டைக் கீழேயே விட்டார்கள். என்ஜின் உயரமாகிவிட்டது, பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. அதனால்தான் 1953இல் வந்த இந்த மாடலுக்கு மட்டும் நெற்றி இவ்வளவு உயரம். அந்த உயர பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு டீசலைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அமெரிக்காவில் 1968இல் இதை நிறுத்திவிட்டார்கள். நண்பர் பார்த்த வண்டி பதிவான அதே வருடம். இங்கே அதற்கப்புறமும் பல வருடம் செய்தார்கள், மலையும் தோட்டமும் காடும் கேட்டுக்கொண்டே இருந்ததால்.

நான் சர்வீஸில் அதிகம் ஓட்டியது ஜோங்கா என்ற ராணுவ வண்டி. நிசானின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், ஜபல்பூரில் 1969 முதல் செய்தது. சக்தியில் ஜீப்பைவிட எங்கேயோ. ஆனால் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதையில், ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கும் இடத்தில், எனக்கு ஜீப்பைத்தான் கொடுக்கச் சொல்வேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வெறும் 80 அங்குலம். திரும்ப முடியாத இடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

#10 ஹைரேஞ்ச்டீசல்

சட்ட விஷயம் சரிதான் சார், அதை நான் யோசிக்கவில்லை. டீசல் இறக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். செலவு விஷயத்தில் என் கருத்து அதேதான்.

#11 ஏலவாசம்

நான் வண்டி நிபுணர் இல்லை. ஆனால் இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா தேவாரத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் பெரியவர்கள். நாங்கள் பிள்ளைகள் அவர்கள் கால்களுக்கு நடுவில், தூக்குவாளிகளைப் பிடித்துக்கொண்டு. அந்த வண்டிகளில் எத்தனை பேரை ஏற்றினார்கள், எத்தனை விபத்து நடந்தது என்பதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை மறந்துவிட்டு அழகான பழைய வண்டி என்று மட்டும் என்னால் பேச முடியாது. அதே நேரம், மழை நாளில் வேறு எந்த வண்டியும் போகாத பாதையில் எங்கள் அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த வண்டிதான், அந்த டிரைவர் அண்ணன்மார்தான்.

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு விஷயம். மேட்டில் வண்டி நின்றதும் முதலில் குதிப்பது கிளீனர் பையன். கையில் கல்லோடு குதிப்பான். பின் சக்கரத்துக்கு அடியில் அந்தக் கல்லை வைத்த பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் நிற்கிறதா? பார்த்தீர்களா?

#12 கம்பம்பட்டறை

தாயி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நான் எழுத நினைத்ததும் அதுதான்.

இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (என்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பின்னால், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம். அதை ஒட்டியே பெட்டியின் ஆயில் சீல். சீல் கசிந்தால் ஆயில் நேரே ஹேண்ட் பிரேக் ஷூ மேல்தான். கல் வைத்த வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த வியாதிதான். ஆயிலைத் துடைத்து ஷூ மாற்றிக் கொடுத்தால் ஒரு மாதம் நிற்கும், மறுபடி நனையும். சீலை மாற்றுவதோடு, அது உட்காரும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது பிரேக் இழுவை. இடது பக்கம் இழுத்தால் குறை இடது பக்கத்தில் என்று நினைக்காதே. பெரும்பாலும் வலது முன் சக்கரம் வேலை செய்யவில்லை, இடது ஒன்றே முழுப் பாரமும் தாங்குகிறது. கருகிய வாடை அந்த இடது ஷூவின் வாடை. வலது டிரம்மைக் கழற்றச் சொல். வீல் சிலிண்டர் கசிந்திருக்கும், இல்லையென்றால் ஹப் சீல் போய் கிரீஸ் ஏறியிருக்கும்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன், ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஓர் இடத்தில் ஆயில் போனால் நான்கும் போகும். அந்த மாஸ்டர் சிலிண்டரும் டிரைவர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே. மூடியைத் திறந்து ஆயில் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது, தண்ணீர் புகுந்தாலும் தெரியாது. பெயிண்டுக்கும் சீட்டுக்கும் செலவழிப்பவர்கள் இங்கே கை வைக்காமல் விடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். உன் விற்பவர் கிராங்க் வேலை ஒழுங்காகச் செய்திருக்கிறார், இதையும் செய்திருந்தால் நல்லது. செய்யவில்லை என்றால் செய்யும் வரைக்கும் மலை ஏறாதே.

#13 கோவைலேத்

பாடியையும் ஒரு பார்வை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி (பெயிண்டில் கோடு விழாமல் இருக்க) வீல் ஆர்ச், டூல் பாக்ஸ் அடி, கண்ணாடிச் சட்டத்தின் கீழ் முனை எல்லாம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி. பழைய தகட்டை வெட்டி ஒட்டியிருந்தால் பரவாயில்லை, அது நேர்மையான வேலை. பட்டி பூசி மறைத்திருந்தால் அடுத்த மழைக்காலத்தில் பூத்துவிடும்.

சேஸ் நம்பரை நீங்களே பென்சிலால் தடவி எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். ஃபோட்டோவில் பார்த்தது போதாது.

#14 மேட்டுப்பாதை

எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் விண்டேஜ் பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னார். நல்லதா?

#15 வெல்லிங்டன்வாசி

உங்கள் உபயோகத்துக்கு வேண்டாம். 2021இல் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட ஓட்டம் கூடாது. அப்பாவை உட்கார வைத்து மாதம் இரண்டு தடவை பூப்பாறை போக நினைப்பவருக்கு அது பூட்டுப் போட்ட மாதிரி. இப்போது இருக்கும் சாதாரணப் பதிவையே ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டு போங்கள். ஆர்சி எதுவரை உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

#16 மேட்டுப்பாதை

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது தடவை ஓட்டியாயிற்று. இந்தத் தடவை அப்பாவும் வந்தார்.

வண்டியைத் தொட வேண்டாம், ஆறிய நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டோம். விற்பவர் முகம் சுளிக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் போனோம். அப்பா முதலில் பானெட்டில் புறங்கையை வைத்தார். இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை, கம்பம் அண்ணே. சோக் இழுத்து மூன்றாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் போய்விட்டது. தட்டும் சத்தம் இல்லை. பிரஷர் உடனே எழும்பியது.

ஜாக்கியில் தூக்கிப் பார்த்தோம். பிரேக் மிதித்த பிறகும் வலது சக்கரத்தில் மேலும் கீழுமாக ஆட்டம். கிங் பின்தான், கோவை அண்ணே. வலது டிரம்மைக் கழற்றினால் ஷூ முழுக்க பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் கசிந்திருந்தது. விற்பவருக்கே அதிர்ச்சி. வேறு பட்டறையில் கொடுத்து வாங்கிய வேலை, மாற்றிவிட்டதாகச் சொன்னார்களாம். ஹேண்ட் பிரேக் சரிவில் நிற்கவில்லை. சேஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போனது. காந்தம் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை, பின் இடது மூலையில் கை அகலத்துக்கு.

அந்தப் பிரேக்கோடு மலை ஏறக் கூடாது என்று, மலை அடிவாரத்தில் விற்பவரின் உறவினர் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டிலேயே ஓட்டினோம். பாதி தூரம் நான், பாதி அப்பா. அவருக்கு 74 வயது, ஸ்டேரிங் பிடித்துப் பதினாறு வருடம் ஆகிறது. சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பவில்லை, வேறு எதையும் தொடவில்லை. இடது பக்கம் தலையை வெளியே நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்தார். ரோட்டில் ஓவர்டேக் செய்வதற்குத்தான் இடது கை ஸ்டேரிங் தொல்லை, ஓரம் இடியும் பாதையில் சக்கரம் எங்கே மிதிக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து வைக்கலாம் என்று அப்போதுதான் சொன்னார்.

இறக்கத்தில் லோ போடாமல் ஹையில், இரண்டாம் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஒரு 'டக்'. கியர் லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது. நான் பதறிவிட்டேன். அவர் பிரேக்கைத் தொட்டு வேகத்தை அடக்கி, மறுபடி இரண்டைப் போட்டு, வலது முழங்காலை லிவர் மேல் சாய்த்துக்கொண்டார். கீழே வரும் வரைக்கும் முழங்காலை எடுக்கவில்லை. "எங்க வண்டியிலும் இதே வியாதிதான், எட்டு வருஷம் இப்படியே இறக்கினேன்" என்றார். அவர் வலது முழங்கால் உட்பக்கம் காய்த்துப் போயிருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எதனால் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் நாள் போடிமெட்டு இறங்கும்போது இது எனக்கு ஏன் நடக்கவில்லை என்று யோசித்தேன். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன், இன்ஜின் மேல் பாரத்தை விடவே இல்லை.

#17 கோவைலேத்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

இரண்டிலிருந்து குதிப்பது இந்த கியர்பாக்ஸில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. மெயின் ஷாஃப்டில் நீளவாக்கு ஆட்டம், சின்க்ரோ ஹப் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பாகம்) தேய்மானம், லிவர் ஃபோர்க் தேய்மானம், மூன்றில் ஒன்று அல்லது மூன்றும். பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்துதான் இறங்கும். அப்போதே நடு ஷாஃப்டையும் பாருங்கள், அது தேய்ந்து அதன் துளை வழியாக ஆயில் கசியும். ஹேண்ட் பிரேக் பக்கத்து சீலையும் அதே கையோடு மாற்றிவிடலாம். மறுபடி இறக்கும் கூலி மிச்சம்.

#18 ஹைரேஞ்ச்டீசல்

முதலில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். வாங்குங்கள். ஆனால் இந்த வேலைகளுக்கு ஆகும் தொகையை விலையில் கழித்துக்கொண்டு வாங்குங்கள்.

#19 மேட்டுப்பாதை

நேற்று பேசி முடித்துவிட்டோம். கியர்பாக்ஸ், பிரேக், கிங் பின் மூன்றுக்கும் கோவை அண்ணே தனியாகச் சொன்ன கணக்கைக் காட்டினேன். விற்பவர் பாதிக்கு மேல் குறைத்துக்கொண்டார், வலது வீல் சிலிண்டரை அவரே மாற்றித் தருவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். அவர் என்ஜினில் செய்திருக்கும் வேலைக்கு நான் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்திருப்பேன்.

கம்பம் அண்ணே, மிச்ச வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். வண்டியை எப்போது ஓட்டிக்கொண்டு வரட்டும்?

#20 கம்பம்பட்டறை

ஓட்டிக்கொண்டு வராதே. சிலிண்டர் மாற்றியிருந்தாலும் மற்ற மூன்று சக்கரத்தையும் நான் பார்க்கும் வரை அது ரோட்டில் ஓட வேண்டாம். சின்ன லாரி ஒன்றில் ஏற்றிக் கொண்டுவா. ஏற்றும்போது முதல் கியரில் போட்டு, முன்னும் பின்னும் கயிறு கட்டி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வை. ஹேண்ட் பிரேக்கை நம்பாதே.

#21 ஏலவாசம்

கட்டை கிடைக்கவில்லை என்றால் கல் இருக்கிறது. வாழ்த்துகள். வண்டி தயாரானதும் தேவாரம் வழியாக ஒரு நாள் வாருங்கள், அம்மா பார்க்க வேண்டும் என்கிறார்.

#22 மேட்டுப்பாதை

கட்டாயம் வருகிறோம் அக்கா.

அண்ணே, லாரி சொல்லியாயிற்று. வியாழன் காலை பத்து மணிக்குக் கம்பம் வந்துவிடும். அப்பாவும் லாரியிலேயே வருகிறார். கியர்பாக்ஸைத் திறக்கும்போது அந்த இரண்டாம் கியரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம், அதுவரை திறக்கக் கூடாது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.